மென்பொருள் ஓட்டைகளும் அவை அடைபடும் வரையிலான நாட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களிடம் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்: "ஏதோ ஓட்டையாம், நியூஸ்ல போடுறாங்க. நம்ம சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகாதே?" அப்படி வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் உறுதியாக நம்புவது இதுதான்: ஓட்டை இருப்பது தெரியாத காலத்தில் நடக்கும் சேதத்தைவிட, ஊருக்கே தெரிந்த பிறகும் அடைக்காமல் விட்ட நாட்களில் நடக்கும் சேதம் பெரிது. கீழே வரும் சம்பவங்களில் பல அதைத்தான் காட்டுகின்றன.

‘பாதுகாப்புக் குறைபாடு கண்டுபிடிப்பு’ என்கிறார்களே, உண்மையில் எதைக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல நேரங்களில் ஒரு மறதியை. நிரல் எழுதியவர் சரிபார்க்க வேண்டிய ஒன்றைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார். 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரியவந்த ஹார்ட்பிளீட் அப்படிப்பட்டது. முகவரிப் பட்டையில் பூட்டு அடையாளம் காட்டும் எண்ணற்ற தளங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுப்பை நம்பியிருந்தன. இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கணினி சிறிய தகவல் ஒன்றை அனுப்பி, ‘இதன் நீளம் இவ்வளவு, அப்படியே திருப்பி அனுப்பு’ என்று கேட்கும். சொன்ன நீளமும் வந்த தகவலின் நீளமும் ஒன்றுதானா என்று எதிர்முனை பார்க்கவே இல்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு ‘64 கிலோபைட்’ என்று பொய் சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் இன்னொருவரின் கடவுச்சொல் இருக்கலாம். சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம்.

அந்தப் பிழை 2012 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இருந்தது. இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. வெளியே தெரிந்த சில நாட்களுக்குள் கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

செய்திகளில் வரும் சி.வி.இ எண் என்ன?

ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கப்படும் பதிவு எண். ஹார்ட்பிளீட்டின் எண் சி.வி.இ-2014-0160. 1999 முதல் அமெரிக்காவின் மைட்டர் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் இந்தப் பட்டியலை நடத்துகிறது. செலவை அந்நாட்டு அரசு ஏற்கிறது. 2025 ஏப்ரலில் அந்த ஒப்பந்தம் முடியப்போகிறது, பணம் நிற்கப்போகிறது என்று தெரிந்தபோது உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருப்பவர்கள் கலங்கிப்போனார்கள். கடைசி நேரத்தில் 11 மாத நீட்டிப்பு கிடைத்தது. உலகத்துக்கே பொதுவான ஒரு பட்டியல் ஒரே நாட்டின் ஒரே ஒப்பந்தத்தில் தொங்கிக்கொண்டிருப்பது நல்லதில்லை என்பதை அந்த வாரம் எல்லோரும் உணர்ந்தோம்.

எண்ணின் நடுவில் உள்ள ஆண்டு, எண் ஒதுக்கப்பட்ட ஆண்டைத்தான் பெரும்பாலும் குறிக்கும். ஓட்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கே இருந்திருக்கலாம்.

10-க்கு 9.8 என்று மதிப்பெண் போடுகிறார்கள். அதிக மதிப்பெண் உள்ளதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டுமா?

அவசியம் இல்லை. சி.வி.எஸ்.எஸ் என்ற அந்த மதிப்பெண், ஓட்டை பயன்படுத்தப்பட்டால் எவ்வளவு மோசமாகும் என்பதைச் சொல்கிறது. யாராவது அதை உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்பதைச் சொல்லாது. 9.8 வாங்கிய எத்தனையோ ஓட்டைகளை எந்தத் தாக்குநரும் தொட்டதே இல்லை. கோப்புகளைச் சுருக்கவும் பிரிக்கவும் பயன்படும் வின்ரார் மென்பொருளில் 2023-இல் தெரியவந்த சி.வி.இ-2023-38831 வாங்கியதோ 7.8. ஆனால் அது வெளியே தெரியும் முன்பே, அந்த ஆண்டு ஏப்ரல் முதல், பங்கு மற்றும் கிரிப்டோ வர்த்தகர்களைக் குறிவைத்துப் பயன்படுத்தப்பட்டு வந்தது. படத்தையோ ஆவணத்தையோ திறப்பதாக நினைத்துச் சொடுக்குவார்கள். அதே பெயருள்ள கோப்புறைக்குள் மறைந்திருந்த வேறொரு நிரல் ஓடும்.

அதனால் மதிப்பெண்ணைவிட நான் முதலில் பார்ப்பது, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரில் தொடங்கிய ‘பயன்பாட்டில் உள்ள ஓட்டைகள்’ பட்டியலை. உண்மையிலேயே தாக்குதலில் பயன்பட்டது என்று சான்று கிடைத்தால்தான் ஒரு ஓட்டை அதில் ஏறும். உங்கள் மென்பொருள் அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பாருங்கள்.

ஜீரோ டே என்றால்?

திருத்தம் வெளிவரும் முன்பே தாக்குநர்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட ஓட்டை. அடைக்க நிறுவனத்துக்குக் கிடைத்த அவகாசம் பூஜ்ஜியம் நாள் என்பதால் அந்தப் பெயர்.

ஓட்டையை ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? ரகசியமாக வைத்தால் யாருக்கும் தெரியாதே?

ரகசியமாக வைத்தால் என்ன ஆகும் என்பதை 2017 காட்டிவிட்டது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் முறையில் இருந்த ஓட்டை ஒன்றை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் சொந்த உளவு வேலைக்காக வைத்துக்கொண்டது. அதற்கான தாக்குதல் கருவியின் பெயர் எட்டர்னல்ப்ளூ. கருவிகள் கைவிட்டுப் போய்விட்டன என்று தெரிந்த பிறகுதான் மைக்ரோசாஃப்டுக்கு எச்சரிக்கை போனது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கும் திருத்தம், வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற குழு அந்தக் கருவியை இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று அதே கருவியைச் சுமந்துகொண்டு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீங்கு நிரல் பரவியது.

அந்தத் தேதிகளைக் கவனியுங்கள். பேட்ச் வந்து ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை அறக்கட்டளைகள் தடுமாறின. சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ரகசியமாக வைத்தவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு, பேட்ச் போடாமல் விட்டவர்கள் மீதும் வருத்தம் உண்டு. புற்றுநோய் சிகிச்சைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிய பிறகு அந்த இரண்டில் எது பெரிய தவறு என்று வாதிட்டு என்ன பயன்?

இன்று பலர் பின்பற்றும் நடைமுறை இடைப்பட்டது. முதலில் மென்பொருள் நிறுவனத்திடம் தனியாகச் சொல்வார்கள், அவகாசம் கொடுப்பார்கள், பிறகு வெளியிடுவார்கள். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு கொடுக்கும் அவகாசம் 90 நாள். ஏற்கெனவே தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் 7 நாள்தான். சீனாவில் நிலைமை வேறு. 2021 செப்டம்பர் 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த விதியின்படி, தன் பொருளில் ஓட்டை இருப்பதை அறிந்த நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் அரசின் தொழில்துறை அமைச்சகத்திடம் தெரிவிக்க வேண்டும். பேட்ச் தயாராகும் முன்பே ஓட்டையின் விவரம் ஓர் அரசின் கையில் சேர்கிறது என்பதுதான் பிற நாட்டு ஆய்வாளர்களின் கவலை. எட்டர்னல்ப்ளூவைப் பார்த்த பிறகு அந்தக் கவலையை மிகை என்று என்னால் தள்ள முடியவில்லை.

பேட்ச் வந்துவிட்டதே, பிறகு என்ன அவசரம்?

பேட்ச் வந்ததே அவசரத்துக்குக் காரணம். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எந்த வரி மாறியது என்று தெரிந்துவிடும். மாறிய வரிதான் ஓட்டை இருந்த இடம். திறமையான ஒருவர் அதிலிருந்து பின்னோக்கிப் போய்த் தாக்குதலைத் தயாரித்துவிடுவார்.

2017-இல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கடன்மதிப்பீட்டு நிறுவனம் சிக்கிய கதையை இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். இணையதளங்களைக் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற நிரலில் உள்ள ஓட்டை மார்ச் 7 அன்று பேட்ச்சோடு அறிவிக்கப்பட்டது. நிறுவனத்துக்குள் ‘பேட்ச் போடுங்கள்’ என்று மின்னஞ்சல் போனது. ஸ்கேன் கூட ஓட்டிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர் புகார்களுக்கான ஒரு பழைய தளம் அந்த ஸ்கேனில் அகப்படவில்லை. மே மாதம் அதன் வழியாக உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை கடைசி வரை இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் போயின.

அப்போது அவகாசம் இரண்டு மாதம் இருந்தது. 2025 டிசம்பர் 3 அன்று, இணையதளங்களைக் கட்டப் பயன்படும் ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்ஸில் 10-க்கு 10 மதிப்பெண் வாங்கிய சி.வி.இ-2025-55182 அறிவிக்கப்பட்டபோது, சில மணி நேரத்துக்குள் தாக்குதல் முயற்சிகள் பதிவாயின. அதை உள்ளடக்கிய நெக்ஸ்ட்.ஜேஎஸ் கொண்டு கட்டிய தளங்களும் அதில் சேர்த்தி. மாதம் ஒரு முறை உட்கார்ந்து அப்டேட் பார்க்கும் பழக்கம், இணையத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு இனி ஒத்துவராது.

லாக்4ஜே பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்? அது பழைய கதை இல்லையா?

பழைய கதையாகவில்லை என்பதுதான் சிக்கல். லாக்4ஜே என்பது ஜாவா நிரல்களில் ‘என்ன நடந்தது’ என்று குறிப்பு எழுதிவைக்கும் சிறு கருவி. யார் உள்ளே வந்தார், என்ன தேடினார், எங்கே பிழை வந்தது என்பதையெல்லாம் அது பதிந்துகொள்ளும். அப்பாச்சி அமைப்பின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிப்பது. 2013-இல் அதில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது: பதியும் எழுத்துக்குள் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரி இருந்தால், கருவி அந்த முகவரிக்கே போய் விவரம் கேட்டு வாங்கும். கொடுக்கப்படும் விவரம் ஓடக்கூடிய நிரலாக இருந்தால் அதையும் வாங்கி ஓட்டும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். தேடல் பெட்டியிலோ, பயனர் பெயர் கேட்கும் இடத்திலோ அந்த வடிவில் ஒரு வரியைத் தட்டினால் போதும். சர்வர் அதைக் குறிப்பெழுத முயலும்போதே தாக்குநரின் நிரலை வீட்டுக்குள் அழைத்துவந்துவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி எழுதியே அடுத்தவர் சர்வரைப் பிடித்தார்கள். 2021 நவம்பர் 24 அன்று அலிபாபா கிளவுட்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் இதை அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 9 அன்று உலகுக்கே தெரிந்தது. அதற்கு வைத்த பெயர் லாக்4ஷெல், மதிப்பெண் 10. அமைச்சகத்துக்கு முதலில் சொல்லவில்லை என்பதற்காக அலிபாபா கிளவுட்டுடன் இருந்த தகவல் பகிர்வு ஒத்துழைப்பைச் சீன அரசு 6 மாதம் நிறுத்திவைத்தது.

பராமரிப்பவர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் திருத்தமான 2.15.0 முழுமையாக அடைக்கவில்லை. பிறகு 2.16.0, அதன்பின் 2.17.0, டிசம்பர் 28 அன்று 2.17.1. மூன்று வாரத்துக்குள் நான்கு பதிப்புகள். சம்பளம் வாங்காமல், கிறிஸ்துமஸ் விடுமுறையைத் தொலைத்துவிட்டு, அதே நேரத்தில் உலகம் முழுவதிலிருந்தும் திட்டு வாங்கிக்கொண்டு அந்தச் சிலர் இதைச் செய்தார்கள். அவர்களுடைய நிரலை வைத்துச் சம்பாதித்த பெரிய நிறுவனங்கள் அதற்கு முன் அவர்களை நினைத்துப் பார்த்ததில்லை.

பேட்ச் வந்த பிறகும் தீராததற்குக் காரணம், லாக்4ஜேயை யாரும் தனியாக ‘இன்ஸ்டால்’ செய்வதில்லை. இன்னொரு மென்பொருளுக்குள் ஒரு பாகமாக, அதற்குள் இன்னொரு பாகமாக உட்கார்ந்திருக்கும். தன்னிடம் அது இருக்கிறது என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. இந்த விவகாரத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் மறுஆய்வுக் குழு 2022 ஜூலையில் கொடுத்த அறிக்கை, அடைக்கப்படாத பிரதிகள் பத்தாண்டோ அதற்கு மேலோ கணினிகளில் தங்கியிருக்கும் என்று சொன்னது.

பேட்ச் போட்டுவிட்டேன். இனி கவலை இல்லைதானே?

பேட்ச் போடும் முன்பே யாராவது உள்ளே வந்து போயிருந்தால்? இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தவர்கள் 2025 ஜூலையில் மாட்டினார்கள். அந்த ஆண்டு மே மாதம் பெர்லினில் நடந்த போன்2ஓன் என்ற ஓட்டை கண்டுபிடிக்கும் போட்டியில், அலுவலக ஆவணங்களைப் பகிரப் பயன்படும் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட் சர்வரை உடைத்துக் காட்டினார்கள். ஜூலை 8 அன்று பேட்ச் வந்தது. அந்தப் பேட்ச்சைச் சுற்றிப்போகும் வழியைத் தாக்குநர்கள் கண்டுபிடித்தார்கள். ஜூலை 18 அன்று நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம் பெரிய அளவில் தாக்குதல் நடப்பதைக் கண்டது. இரண்டு மூன்று நாட்களில் மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் கொடுத்தது. தங்கள் அலுவலகத்திலேயே ஷேர்பாயின்ட் சர்வரை வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இந்த ஆபத்து. மைக்ரோசாஃப்டின் இணையச் சேவையாக அதைப் பயன்படுத்தியவர்களுக்கு இல்லை.

இதில் மோசமான பகுதி, உள்ளே வந்தவர்கள் சர்வரின் மெஷின் கீகள் என்ற ரகசியச் சாவிகளைத் திருடிக்கொண்டு போனது. பூட்டைப் புதிதாக மாற்றிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்க, திருடன் கையில் கொல்லைப்புறக் கதவின் சாவி நகல் இருப்பது போல. பேட்ச் போட்ட பிறகும் அந்தக் கீகளைக் கொண்டு முறையான கோரிக்கை போலவே ஒன்றைத் தயாரித்து அவர்களால் மீண்டும் நுழைய முடிந்தது. அதனால் கீகளையும் மாற்றி, சேவையை மறுபடி தொடங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது.

2023 அக்டோபரில், வெளியிலிருந்து அலுவலக வலைப்பின்னலுக்குள் நுழைய உதவும் சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர் கருவிகளிலும் இதேதான் நடந்தது. ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்பதற்கு அடையாளமான செஷன் டோக்கன்கள் கசிந்தன. பேட்ச் போட்டாலும் கசிந்த டோக்கன்கள் செல்லுபடியாகிக்கொண்டே இருந்தன. ஓ.டி.பி கேட்கும் கணக்குகளுக்குள்ளும் அவற்றை வைத்து நுழைந்தார்கள்.

ஆகவே அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். பேட்ச் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘இதன் பிறகு செய்ய வேண்டியவை’ என்ற பகுதி வரை படியுங்கள். கடவுச்சொல், கீ, டோக்கன் ஆகியவற்றை மாற்றச் சொல்லியிருந்தால் அன்றே மாற்றுங்கள். சர்வரின் பதிவுகளில் பேட்ச்சுக்கு முந்தைய வாரங்களைப் பாருங்கள்.

ஓட்டையை யாராவது வேண்டுமென்றே வைப்பார்களா?

வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கருவியைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் தன் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒழுங்காக உதவினார், நல்ல திருத்தங்கள் அனுப்பினார். மறுபக்கம் வேறு சில பெயர்களில் ‘ஏன் இவ்வளவு தாமதம், பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள்’ என்று நெருக்குதல் கடிதங்கள் வந்தன. தன் மனநலச் சிரமங்களைப் பற்றி அந்தப் பராமரிப்பாளர் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். பொறுப்பு மெல்ல மெல்ல ஜியா டான் கைக்குப் போனது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1 என்று வந்த பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் அது ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையில் அது ஒட்டிக்கொள்ளும். அதற்கான ரகசியச் சாவி வைத்திருப்பவர் மட்டும் கடவுச்சொல் இல்லாமல் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம்.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்பவர். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி கூடுதலாக எடுப்பதையும் கணினி வீணாக உழைப்பதையும் பார்த்து, விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகள் வரைதான் அது வந்திருந்தது. நிலையான பதிப்புகளுக்குள் போயிருந்தால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதிக்கு யாரோ ஒருவர் கையில் சாவி இருந்திருக்கும். ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

இந்தக் கதையில் தொழில்நுட்பத்தைவிட என்னை உறுத்துவது, களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமையை ஆயுதமாக்கியது. தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், சொற்பிழை திருத்திகள் உட்பட நாம் அன்றாடம் பயன்படுத்தும் எத்தனையோ கட்டற்ற மென்பொருள்களுக்குப் பின்னால் இப்படி ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். உங்களால் முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டால் நெருக்காமலாவது இருங்கள்.

நான் சாதாரணப் பயனர். சர்வர் எதுவும் என்னிடம் இல்லை. எனக்கு இதில் என்ன?

உங்கள் கையில் இருக்கும் போன் போதும். 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தெரிவித்தவை ஆப்பிள் நிறுவனமும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக் குழுவும். குரோம் உலாவியின் பிரச்சினை என்றுதான் முதலில் எண் போட்டார்கள். ஆனால் அதே நிரல் ஃபயர்ஃபாக்ஸிலும், பல அரட்டைச் செயலிகளிலும், அலுவலகச் செயலிகளிலும் தனித்தனிப் பிரதியாக இருந்தது. ஒவ்வொன்றும் தனியாக அப்டேட் ஆக வேண்டியிருந்தது.

போனிலும் உலாவியிலும் தானியங்கி அப்டேட்டை அணைக்காதீர்கள். குரோம் அப்டேட் இறங்கினாலும், மூடித் திறக்கும் வரை பழையதுதான் ஓடும். மாதக்கணக்கில் உலாவியை மூடாமல் நாற்பது தாவல்களோடு வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வின்ராருக்குத் தானியங்கி அப்டேட் கிடையாது. நீங்களே போய் இறக்க வேண்டும். 2025 ஜூலையில் இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதில் மீண்டும் ஓர் ஓட்டையைக் கண்டது, எண் சி.வி.இ-2025-8088. வேலைக்கான விண்ணப்பம் போல வந்த சுருக்கக் கோப்பைப் பிரித்தால், கணினி தொடங்கும்போதே ஓடும் இடத்தில் தீங்கு நிரல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜூலை 30 அன்று வந்த 7.13 பதிப்பில் சரிசெய்தார்கள். நம் ஊரில் ஆண்டுகள் கடந்தும் அதே பழைய வின்ராரை வைத்திருக்கும் கணினிகள் ஏராளம். ஜெராக்ஸ் கடைகள், டியூஷன் சென்டர்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் பார்க்கலாம். இன்றே உதவிப் பட்டியலைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

விண்டோஸ் 10 இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்று 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அதில் பதிவுசெய்யாத கணினிக்கு இனி வரும் ஓட்டைகளுக்கான பேட்ச் வராது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணினி என்றால் லினக்ஸ் போடுவது நல்ல வழி. உலாவியும் எழுத்து வேலையும் போதும் என்பவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

அப்டேட் போட்டால் ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுவிடுமே?

நியாயமான பயம்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள் தரையிலேயே கிடந்தன. அப்படியொன்று நடக்காது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அதற்கு மருந்து அப்டேட்டை நிறுத்துவது அல்ல. முதலில் ஒன்றிரண்டு கணினிகளில் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் ஓடட்டும், பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். அதற்கு முன் பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப்பிலிருந்து மீட்க முடிகிறதா என்றும் ஒரு முறை செய்து பாருங்கள்.

பழைய பதிப்பிலேயே இருந்தால் அவ்வளவு மோசமாகவா ஆகிவிடும்?

இலங்கை அரசின் அனுபவத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் கடைசியில் அரசின் பொதுவான கிளவுட் சேவையை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 அதில் இருந்தன. சேவையைச் சில மணி நேரத்தில் மீட்டுவிட்டார்கள். ஆனால் பேக்கப்பும் மறைகுறியாக்கப்பட்டுவிட்டதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஏப்ரல் 11 அன்றே நிறுத்தியிருந்தது. 2021 முதலே மாற்றத் திட்டமிட்டும் பணப் பற்றாக்குறையால் தள்ளிப்போனது என்று பொறுப்பான அமைப்பு விளக்கம் சொன்னது. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலம் அது, அவர்களை எளிதாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கும் மேலான அரசுக் கடிதங்கள் போனது போனதுதான்.

சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளில் எழுதுவதிலிருந்து. என்னென்ன கணினிகள், ரவுட்டர், கேமரா பெட்டி, இணையதளம், அதில் என்ன செருகுநிரல்கள், கணக்கு எழுதும் டேலி எந்தப் பதிப்பு, யார் நிறுவினார், அவர் தொலைபேசி எண் என்ன. ஈக்விஃபேக்ஸ் போன்ற பெரிய நிறுவனமே தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் விழுந்தது. அந்தத் தாளில் இணையத்திலிருந்து நேராகத் தொடக்கூடியவற்றுக்கு வட்டம் போடுங்கள். ரவுட்டர், கேமரா, இணையதளம், வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் திறக்கும் ரிமோட் வசதி. வட்டம் போட்டவை எப்போதும் முதலில். வெளியிலிருந்து திறக்கும் வசதி தேவையே இல்லை என்றால் மூடிவிடுங்கள். அடைக்க வேண்டிய ஓட்டைகளில் பாதி அதிலேயே போய்விடும் என்பது என் அனுபவம்.

இந்தியாவில் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, கணினிப் பாதுகாப்புச் சம்பவம் நடந்தது தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். யார் தெரிவிப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள். நடந்த அன்று இரவு அதை யோசிக்க நேரம் இருக்காது.

ஓர் ஓட்டையை நானே கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் நிறுத்துங்கள். ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்கத் தேவையானதற்கு மேல் ஒரு கோப்பையும் திறக்காதீர்கள், அடுத்தவர் தகவலைப் பதிவிறக்காதீர்கள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதற்கே இழப்பீடு கேட்க வழிசெய்கிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்ததென்று நிறுவப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. கல்லூரித் தளத்தில் மதிப்பெண் பட்டியல் திறந்து கிடப்பதைப் பார்த்து நல்லெண்ணத்தோடு சொல்லப்போகும் மாணவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த நிறுவனத்தின் தளத்தில் ஓட்டை அறிவிப்பதற்கான கொள்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் விதிகளுக்குள் நின்று தெரிவியுங்கள். இல்லாவிட்டாலோ, பதில் வராவிட்டாலோ சர்ட்-இன் அமைப்பிடம் போகலாம். இலங்கையில் அதே வேலைக்கு இலங்கை சர்ட் இருக்கிறது. இந்திய மென்பொருள்களில் உள்ள ஓட்டைகளுக்கு சி.வி.இ எண் ஒதுக்கும் அதிகாரமும் சர்ட்-இன்னுக்கு உண்டு. எழுதும்போது எந்தப் பதிப்பு, என்ன செய்தால் என்ன நடந்தது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதைப் படிப்படியாக எழுதுங்கள். பணம் கேட்டு மிரட்டும் தொனி ஒரு சொல்லில்கூட வரக்கூடாது. அனுப்பியதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் வரும் வரை சமூக ஊடகத்தில் எழுத வேண்டாம்.